நீக்கமா, ஈடா? – அதிவேக ஒளியிழைத் தொடர்பில் குறிகைத் திரிபின் மின்னணு ஈடுசெய்தல்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒளியிழையின் வழியே அதிவேகத்தில் செல்லும் குறிகை பலவகைத் திரிபுகளுக்கு உள்ளாகிறது. அவற்றை இழையிலேயே சரிசெய்யாமல் பரப்பியிலும் ஏற்பியிலும் உள்ள மின்னணுச் சுற்றுகளைக் கொண்டு ஈடுசெய்யும் முறை இன்று நெடுந்தொலைவுத் தொடர்பின் அடிப்படையாகிவிட்டது. இம்முறை திரிபை 'நீக்கிவிட்டது' என்னும் கூற்றைப் பரவலாகக் காணலாம். இக்கட்டுரை அக்கூற்றை மதிப்பிடுகிறது. நேரடிக் கண்டறிதல், ஓரியல் ஏற்பு, நேரியல்சாரா ஈடு ஆகிய மூன்று கட்டங்களையும் ஆராய்ந்து, மின்னணு ஈடு சில திரிபுகளை முழுமையாக மீட்கிறது, சிலவற்றைத் தணிக்க மட்டுமே செய்கிறது, எந்நிலையிலும் சுமையை வேறிடத்திற்கு மாற்றுகிறது என்று நிறுவ முயல்கிறது. இவ்வேறுபாட்டைக் காட்டத் தமிழ்க் கலைச்சொற்கள் எவ்வாறு துணைநிற்கின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒளியிழை, நிறப்பிரிகை, ஓரியல் ஏற்பு, சமனாக்கி, கெர் விளைவு, பின்பரவல், கலைச்சொல்.

1. முன்னுரை

கண்ணாடி இழையைத் தொடர்பு ஊடகமாகக் கொள்ளலாம் என்பதை 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எடுத்துரைத்தனர். அப்போது முதன்மைச் சிக்கலாக இருந்தது ஒளி இழப்பு. கண்ணாடியின் தூய்மை உயர்ந்ததாலும், 1987-இல் எர்பியம் கலந்த இழைப் பெருக்கி உருவானதாலும் அச்சிக்கல் பெரிதும் தணிந்தது. இன்றைய தரமான இழையில் 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் மட்டுமே. இழப்பு கட்டுக்குள் வந்தபின் தொலைவையும் வேகத்தையும் வரையறுக்கும் காரணியாகத் திரிபு முன்னுக்கு வந்தது.

திரிபை எதிர்கொள்ள இரு வழிகள் உண்டு. ஒன்று, எதிர்ப்பண்பு கொண்ட ஈடுசெய் இழை போன்ற ஒளியியல் கருவிகளை வழித்தடத்தில் பொருத்துவது. மற்றொன்று, ஒளியை மின்குறிகையாக மாற்றியபின் கணக்கீட்டின் வழியே திரிபை எதிர்ப்பது. கடந்த இருபது ஆண்டுகளில் இரண்டாம் வழியே மேலோங்கியது. இவ்வெற்றி ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் அவ்வெற்றியை விவரிக்கும் முறை திறனாய்வுக்குரியது. 'மின்னணுவியல் திரிபை வென்றுவிட்டது' என்னும் பொதுக்கூற்று எந்தத் திரிபை, எந்த இடத்தில், என்ன விலை கொடுத்து என்னும் வினாக்களை எழுப்புவதில்லை.

2. திரிபின் இயல்பு: மீளத்தக்கதும் மீளத்தகாததும்

ஒளித்துடிப்பு ஒன்றில் பல அதிர்வெண்கள் அடங்கியுள்ளன. கண்ணாடியில் அவை சற்றே வெவ்வேறு திசைவேகங்களில் செல்வதால் துடிப்பு அகலமடைந்து அண்டைத் துடிப்புகளின் மேல் படிகிறது. இதுவே நிறப்பிரிகை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.652 பரிந்துரைக்கு இணங்கிய இழையில், 1,550 நானோமீட்டரில் இதன் அளவு ஒரு நானோமீட்டர் அகலத்திற்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 17 பிக்கோநொடி.

நிறப்பிரிகை எந்த அதிர்வெண்ணின் வீச்சையும் குறைப்பதில்லை. ஒவ்வொன்றின் கட்டத்தையும் அதிர்வெண் விலக்கத்தின் இருமடிக்கு ஏற்பத் திருப்புகிறது. அதே அளவு எதிர்த்திசையில் திருப்பினால் துடிப்பு பழைய வடிவை அடையும். இவ்வெதிர்மாற்றம் இரைச்சலைப் பெருக்குவதும் இல்லை. மாறாக, சுற்றின் பட்டை அகலக் குறைவால் உயர் அதிர்வெண்கள் நலிந்துவிட்டால், அவற்றைத் தூக்கி நிறுத்த முயலும் வடிப்பான் உடன் கலந்த இரைச்சலையும் சேர்த்தே தூக்குகிறது. இரண்டும் 'நேரியல் திரிபு' என்னும் ஒரே வகைக்குள் வந்தாலும், முன்னது முழுமையாக மீளத்தக்கது. பின்னது பகுதியளவே மீளத்தக்கது.

இங்கு ஷானனின் தகவல் கோட்பாடு தரும் அடிப்படை விதியையும் கருத வேண்டும். பெறப்பட்ட குறிகையின்மேல் நிகழ்த்தும் எக்கணக்கீடும் அக்குறிகை சுமந்துவரும் தகவலின் அளவைக் கூட்டாது. சமனாக்கி குறிகையின் வடிவைத் திருத்துகிறது. ஏற்பியை அடையுமுன் இழந்த தகவலை அது படைத்துத் தர இயலாது. ஆகவே மின்னணு ஈடு எவ்வளவு திறன் வாய்ந்தது என்பதை, மின்னணுச் சுற்றை வந்தடையும்போது குறிகையில் எஞ்சியிருப்பது எது என்பதே முதலில் தீர்மானிக்கிறது.

3. நேரடிக் கண்டறிதல்: கட்டம் இழந்த ஏற்பி

ஒளி டையோடு தரும் மின்னோட்டம் ஒளியின் செறிவுக்கு, அதாவது மின்புலத்தின் இருமடிக்கு, நேர்விகிதத்தில் அமைகிறது. இருமடியாக்கும்போது கட்டம் மறைகிறது. இழையில் நேரியலாக இருந்த நிறப்பிரிகை, மின்னோட்டத்தில் நேரியல்சாராத் திரிபாக உருமாறுகிறது. எளிய எதிர்மாற்றம் கைநழுவும் இடம் இதுவே.

வேக உயர்வு இச்சிக்கலை இருமடி விதியில் கடுமையாக்குகிறது. குறியீட்டு வேகம் இரட்டிப்பானால் குறிகையின் நிறமாலை அகலம் இரட்டிப்பாகிறது. ஒரு குறியீட்டுக்குரிய காலம் பாதியாகிறது. எனவே தாங்கத்தக்க நிறப்பிரிகை நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எளிய இரும ஒளிப் பண்பேற்றத்தில் நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஏறத்தாழ 60 கி.மீ. வரை ஈடின்றிச் செல்லத்தக்க குறிகை, 40 கிகாபிட் வேகத்தில் 4 கி.மீ. அளவிலேயே தடுமாறுகிறது.

தொலைபேசிக் கம்பிகளுக்காக ராபர்ட் லக்கி 1965-இல் முன்வைத்த தன்னியக்கச் சமனாக்கக் கருத்தும், ஆண்ட்ரூ விட்டர்பி 1967-இல் வெளியிட்ட நெறிமுறையும் ஒளியிழைக்கும் பயன்படும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. நெடுந்தொலைவு ஒளியிழை அமைப்புகளுக்கு மின்குறிகைச் செயலாக்க உத்திகளை 1990-இலேயே வின்டர்ஸ், கிட்லின் ஆகியோர் விரிவாக ஆராய்ந்தனர். முன்னூட்டச் சமனாக்கி, முடிவுப் பின்னூட்டச் சமனாக்கி, பெரும நிகழ்தகவு வரிசை மதிப்பீடு ஆகியவை பின்னர் 10 கிகாபிட் ஏற்பிகளில் இடம்பெற்றன. கம்பியில் நேரியலாகவே ஏற்பியை அடைந்த திரிபு, இங்கு இருமடியாக்கத்திற்குப் பின் வந்தடைந்தது. எனவே நேரியல் சமனாக்கிகள் வரம்புக்குட்பட்ட பயனையே தந்தன.

வரிசை மதிப்பீடு இவற்றினும் வலியது. அது திரிபைத் திருப்ப முயல்வதில்லை. பெறப்பட்ட வடிவத்தைத் தோற்றுவித்திருக்கக்கூடிய பிட் வரிசைகளுள் மிகப் பொருத்தமானதைத் தேர்கிறது. ஆனால் ஒரு துடிப்பு m பிட்டுகள் வரை படர்ந்தால் அது கண்காணிக்க வேண்டிய நிலைகள் இரண்டின் m-ஆம் அடுக்கு ஆகின்றன. பத்துப் பிட் படர்வுக்கு 1,024 நிலைகள். இருபதுக்குப் பத்து லட்சத்திற்கும் மேல். எனவே, தடை தகவலின் முழு இழப்பில் இருந்ததா, கணக்கீட்டின் அடுக்குப் பெருக்கத்தில் இருந்ததா என்பதைப் பிரித்தறிவது தேவையாகிறது. நேரடிக் கண்டறிதல் பற்றிய விவரிப்புகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவது ஒரு குறைபாடு.

இப்பிரிப்பு இன்றியமையாதது என்பதற்குப் பரப்பியில் நிகழ்த்தும் முன்னீடு சான்றாகும். குறிகையை முன்கூட்டியே எதிர்த்திசையில் திரித்து அனுப்பினால், இழையின் நிறப்பிரிகையே அதை நேர்செய்துவிடும். 2005-இல் நார்ட்டெல் நிறுவன ஆய்வாளர்கள் இவ்வழியில் 10 கிகாபிட் குறிகையை, ஒளியியல் ஈடு ஏதுமின்றி, 5,000 கி.மீ.க்கும் மேல் செலுத்திக் காட்டினர். ஏற்பி நேரடிக் கண்டறிதல் ஏற்பியே. கட்டம் இழக்கப்படும் இடத்திற்கு முன்பே ஈடு நிகழ்ந்ததால் இது இயன்றது. ஆயினும் இழையின் வெப்பநிலையாலும் தகைவாலும் கணந்தோறும் மாறக்கூடிய தளவிளைவுப் பிரிகையைத் தொலைவிலுள்ள பரப்பி பின்தொடர இயலாது. ஈடுசெய்யும் இடமே ஈட்டின் எல்லையையும் வகுத்தது.

4. ஓரியல் ஏற்பு: கட்டம் மீண்டது, சுமை இடம்மாறியது

வந்தடையும் ஒளியை ஏற்பியிலுள்ள மற்றொரு லேசர் ஒளியுடன் கலந்து அளந்தால் வீச்சும் கட்டமும் ஒருங்கே கிடைக்கும். 1980-களில் ஏற்பியின் உணர்திறனுக்காக ஆராயப்பட்ட இவ்வோரியல் முறை, எர்பியம் பெருக்கி வந்தபின் பின்தள்ளப்பட்டது. அதிவேக ஒப்புமை–இலக்க மாற்றிகளும் அடர்ந்த சில்லுகளும் வாய்த்த பிறகு அது மீண்டது. ஓரியல் ஏற்பையும் இலக்கமுறைச் செயலாக்கத்தையும் இணைத்து இழைத்திரிபைச் சமன்செய்யலாம் என்பதை மைக்கேல் டெய்லர் 2004-இல் காட்டினார். 2008-இல் நார்ட்டெல் ஆய்வாளர்கள் 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அமைந்த சில்லுடன் 40 கிகாபிட் ஓரியல் அமைப்பின் நிகழ்நேர அளவீடுகளை வெளியிட்டனர்.

இம்முறையின் வலிமை முழுமையில் உள்ளது. இரு தளவிளைவுகள், ஒவ்வொன்றிலும் இரு கூறுகள் என நான்கு அளவுகளாக மின்புலம் முழுதும் இலக்கமுறைக்கு மாறுகிறது. நிறப்பிரிகையை நிலையான வடிப்பானும், தளவிளைவுகளின் கலப்பைத் தகவமையும் வடிப்பானும் கையாளுகின்றன. பின்னதற்கு 1980-இல் தொமினிக் கோதார் முன்வைத்த மாறா வீச்சு நெறிமுறை பெரிதும் பயன்பட்டது.

எனினும் இருமடி விதி மறைந்துவிடவில்லை. நொடிக்கு 3,200 கோடி குறியீடுகள் செல்லும் 2,000 கி.மீ. வழித்தடத்தைக் கருதலாம். திரண்ட நிறப்பிரிகை நானோமீட்டருக்கு 34,000 பிக்கோநொடி. நிறமாலை அகலம் ஏறத்தாழ 0.256 நானோமீட்டர். எனவே ஒரு குறியீடு ஏறத்தாழ 8,700 பிக்கோநொடி அளவுக்குப் படர்கிறது. ஒரு குறியீட்டுக் காலம் 31.25 பிக்கோநொடி என்பதால் இப்படர்வு ஏறத்தாழ 279 குறியீடுகளைத் தழுவுகிறது. வேகத்தை 6,400 கோடியாக உயர்த்தினால் அது 1,115 ஆகிறது. முன்பு தொலைவை நான்கில் ஒன்றாகச் சுருக்கிய அதே விதி, இப்போது வடிப்பானின் நீளத்தை நான்கு மடங்காக்குகிறது. இழையில் இருந்த தடை சில்லில் கணக்கீடாக மறுவடிவம் கொள்கிறது.

விரைவு ஃபூரியே உருமாற்றத்தின் வழியே அதிர்வெண் தளத்தில் வடிகட்டினால், ஒரு குறியீட்டுக்குத் தேவையான பெருக்கல்கள் வடிப்பான் நீளத்தின் மடக்கைக்கு ஏற்பவே வளர்கின்றன. இது சுமையைக் கணிசமாகக் குறைக்கிறது. எஞ்சிய சுமையைத் தாங்கியது சில்லுத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி. 2008-இல் 90 நானோமீட்டராக இருந்தது, 120 கி.மீ. வரையிலான இணைப்புகளுக்கு 2020-இல் வகுக்கப்பட்ட 400 கிகாபிட் ஒப்பந்தத்தைச் செயற்படுத்திய சில்லுகளில் 7 நானோமீட்டரானது. ஆகவே மின்னணு ஈட்டின் வெற்றியில் பெரும்பங்கு நெறிமுறைகளுக்கு அப்பால் சில்லுச் சுருக்கத்தைச் சார்ந்தது. அச்சுருக்கம் தளருமாயின் ஈட்டின் விலை வெளிப்படையாகத் தெரியும்.

அதன் அறிகுறிகள் குறுந்தொலைவில் ஏற்கெனவே தோன்றியுள்ளன. தரவு மையங்களுக்குள் சில நூறு மீட்டர் செல்லும் இணைப்புகளில், ஒளித்தொகுதியின் மின்செலவில் செயலாக்கச் சில்லு கணிசமான பங்கைப் பெறுகிறது. அச்சில்லையே தொகுதியிலிருந்து அகற்றும் நேரியல் ஒளித்தொகுதி என்னும் கருத்து 2023 முதல் தீவிரமாக விவாதிக்கப்படுகிறது. இங்கும் சமனாக்கம் ஒழிவதில்லை. இணைப்பியின் முதன்மைச் சில்லிலுள்ள சமனாக்கி அப்பொறுப்பை ஏற்கிறது. சுமை மீண்டும் ஒருமுறை இடம்மாறுகிறது.

5. ஈடு தோற்றுவிக்கும் இரைச்சல்

ஈடுசெய்யும் செயலே புதிய குறையைத் தோற்றுவிப்பதும் உண்டு. ஏற்பியின் உள்ளக லேசருக்குச் சிறிதளவு கட்ட இரைச்சல் உள்ளது. பரப்பி லேசரின் கட்ட இரைச்சல் குறிகையோடு சேர்ந்து இழையில் பயணித்துத் திரிந்து, வடிப்பானில் நேராகிறது. உள்ளக லேசரின் இரைச்சலோ இழையைக் கண்டதேயில்லை. வடிப்பானை மட்டும் கடக்கிறது. இழை விளைவிக்காத திரிபுக்கு வடிப்பான் 'ஈடு' செய்வதால், அவ்விரைச்சல் தானே படர்ந்து வீச்சு இரைச்சலாகவும் மாறுகிறது.

சமனாக்கத்தால் மிகும் கட்ட இரைச்சல் எனப்படும் இவ்விளைவை ஷீயும் ஹோவும் 2008-இல் விளக்கினர். திரண்ட நிறப்பிரிகை, லேசரின் வரி அகலம், குறியீட்டு வேகம் ஆகிய மூன்றுக்கும் ஏற்ப இது கூடுகிறது. ஈடுசெய் இழையை வழித்தடத்திலேயே பொருத்திய பழைய முறையில் இவ்விளைவு எழவில்லை. மின்னணு ஈடு ஒளியியல் ஈட்டுக்கு முற்றிலும் நிகரான மாற்று என்னும் கருத்தை இது மறுக்கிறது. இரு முறைகளும் ஒரே கணிதச் செயலை நிகழ்த்தினாலும், அச்செயல் நிகழும் இடம் வேறு. ஆதலால் உடன்விளைவும் வேறு.

6. நேரியல்சாராத் திரிபும் 'எல்லை' என்னும் சொல்லும்

ஒளிச்செறிவுக்கு ஏற்பக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மாறுவது கெர் விளைவு. மாற்றம் மிகச் சிறிது. ஆயினும் ஏறத்தாழ 80 சதுர மைக்ரோமீட்டர் பரப்புக்குள் ஒரு மில்லிவாட் ஒளி அடங்கும்போது செறிவு சதுர மீட்டருக்கு 1.25 கோடி வாட் ஆகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அதன் விளைவு திரள்கிறது. திறனை உயர்த்தி இரைச்சலை வெல்லும் வழி இதனால் அடைபடுகிறது.

இத்திரிபையும் கணக்கீட்டால் திருப்பலாம் என்பது இலக்கமுறைப் பின்பரவலின் அடிப்படை. இழையின் பரவல் சமன்பாட்டை எதிர்க்குறிகளுடன் தீர்த்து, குறிகையைக் கற்பனை இழையொன்றில் பின்னோக்கிச் செலுத்துவது இம்முறை. எஸ்ரா இப், ஜோசப் கான் ஆகியோரின் 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. இரைச்சலற்ற, ஒற்றைக் குறிகை மட்டும் செல்லும் இழையில் இது கொள்கையளவில் முழுமையான மீட்பு. நடைமுறை இழையிலோ மூன்று தடைகள் உள்ளன. பெருக்கிகளின் இரைச்சல் வழிநெடுகக் கலந்து குறிகையோடு இடைவினை புரிகிறது. அண்டை அலைநீளத் தடங்கள் திரிபை விளைவித்தாலும் அவற்றின் விவரம் ஒரு தடத்தின் ஏற்பிக்குக் கிடைப்பதில்லை. தளவிளைவு மாற்றங்களின் வரலாறும் அறியப்படுவதில்லை.

எளிய கணக்கொன்று இதன் பயனை மதிப்பிட உதவும். நேரியல்சாரா இடையூற்றை, அனுப்பும் திறனின் மும்மடிக்கு ஏற்ப வளரும் இரைச்சலாகக் கொள்ளலாம். அப்போது உகந்த திறனில் அவ்விடையூறு பெருக்கி இரைச்சலின் பாதியாக அமைகிறது. அடையத்தக்க குறிகை–இரைச்சல் விகிதம் இடையூற்றுக் கெழுவின் கனமூலத்திற்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. எனவே இடையூற்றுக் கெழுவைச் சரிபாதியாகக் குறைத்தாலும் கிடைக்கும் ஆதாயம் ஒரு டெசிபெல் மட்டுமே. அது ஒரு தளவிளைவில் குறியீட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பிட்டுக்கு ஈடு. பின்பரவலுக்குச் செலவாகும் கணக்கீடோ நிறப்பிரிகை வடிப்பானைப் போலப் பன்மடங்கு. வணிக ஏற்பிகளில் நிறப்பிரிகை ஈடு எங்கும் பரவியிருக்க, முழுமையான பின்பரவல் அவ்வாறு பரவாமைக்குக் காரணம் இவ்வேற்றத்தாழ்வே.

'நேரியல்சாரா ஷானன் எல்லை' என்னும் வழக்கும் ஆய்வுக்குரியது. மித்ரா, ஸ்டார்க் ஆகியோரின் 2001-ஆம் ஆண்டுக் கட்டுரையும், எசியாம்ப்ரும் பிறரும் 2010-இல் செய்த மதிப்பீடும் இவ்விவாதத்தின் தூண்கள். இத்தகைய மதிப்பீடுகள் அண்டைத் தடங்களை அறியப்படாத இரைச்சலாகக் கொள்வது போன்ற எடுகோள்களின்மேல் நிற்கின்றன. எனவே அவை தருவது இழையின் கொள்ளளவுக்கான கீழ்வரம்பு. அதை இழையின் இறுதி எல்லையாக எடுத்துரைப்பது, ஏற்பியின் வடிவமைப்பிலுள்ள வரம்பை இயற்கையின் மேல் ஏற்றுவதாகும்.

7. திரிபு துணையாகும் இடம்

திரிபு என்பது எப்போதும் களையப்பட வேண்டிய குறை என்னும் கருத்தை இழையின் வரலாறே கேள்விக்குள்ளாக்குகிறது. 1,550 நானோமீட்டரில் நிறப்பிரிகை சுழியாகுமாறு வடிவமைத்த ஜி.653 இழை ஒற்றைத் தடத்திற்கு மிகப் பொருத்தமாகத் தோன்றியது. பல அலைநீளங்கள் ஒரே இழையில் செல்லத் தொடங்கியதும் அவை ஒரே வேகத்தில் இணைந்து சென்று, நான்கலைக் கலப்பால் ஒன்றையொன்று கெடுத்தன. பின்னர் வந்த ஜி.655 இழையில் சிறிதளவு நிறப்பிரிகை வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது.

ஓரியல் ஏற்பு வந்தபின் இப்பாடம் மேலும் தெளிவானது. ஈடுசெய் இழையை அகற்றி நிறப்பிரிகையை வழிநெடுகத் திரளவிட்ட தடங்கள், இடையிடையே ஈடுசெய்த தடங்களைவிட நேரியல்சாரா இடையூற்றைச் சிறப்பாகத் தாங்கின. தடங்கள் ஒன்றையொன்று விரைவில் கடந்து விலகுவதும், ஈடுசெய் இழையின் குறுகிய உள்ளகமும் இழப்பும் இல்லாமற் போனதும் இதற்குக் காரணங்கள். மின்னணு ஈட்டின் மிகப்பெரும் பங்களிப்பு இங்கேயே அமைந்துள்ளது எனலாம். அது இழையில் நிறப்பிரிகையை அப்படியே இருக்கவிட்டு, இறுதியில் மட்டும் மீட்பதற்கு வழிசெய்தது. 'நீக்கம்' என்னும் சொல் இப்பங்களிப்பையே மறைத்துவிடுகிறது.

8. கலைச்சொற்கள் காட்டும் வேறுபாடு

இத்துறையைத் தமிழில் கற்பிப்போர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல் கருத்துச் சிக்கலோடு பிணைந்தது. தமிழகப் பள்ளி இயற்பியல் பாடநூல்கள் 'நிறப்பிரிகை', 'ஒளிச்சிதறல்' என்னும் இரு நிகழ்வுகளையும் தனித்தனிச் சொற்களால் குறிக்கின்றன. புள்ளியியலில் தரவுகளின் பரவல் 'சிதறல்' எனப்படுவதால், அச்சொல்லை இழையின் நிறப்பிரிகைக்கும் வழங்கும் வாய்ப்பு எழுகிறது. அவ்வாறு வழங்கினால் இக்கட்டுரை வலியுறுத்தும் வேறுபாடே அழிந்துவிடும். ஒளிச்சிதறலில் ஆற்றல் இழையை விட்டு வெளியேறுகிறது. ஏற்பியில் எக்கணக்கீடும் அதை மீட்காது. நிறப்பிரிகையில் ஆற்றல் குறையாமல் காலத்தில் மட்டும் இடம்பெயர்கிறது, அது மீளத்தக்கது.

'ஈடுசெய்தல்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. 'ஈடு' என்பதற்கு நிகர், இழப்புக்கு மாற்று என்னும் பொருள்களோடு அடகு என்னும் பொருளும் தமிழில் உண்டு. ஒன்றைப் பெற மற்றொன்றைப் பிணையாக வைக்கும் இப்பொருள், மின்திறனையும் சில்லுப் பரப்பையும் தாமதத்தையும் கொடுத்துத் தொலைவைப் பெறும் செயலுக்குப் பொருந்துகிறது. ஆகவே 'ஈடுசெய்தல்' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொண்டு, எதிர்மாற்றம் முழுமையாக இயலும்போது 'மீட்பு' என்றும், விளைவைக் குறைக்க மட்டுமே இயலும்போது 'தணிப்பு' என்றும் பிரித்து வழங்கலாம். 'நீக்கம்' என்பதைத் திரிபின் காரணமே அகற்றப்படும் இழை வடிவமைப்புக்கு ஒதுக்குவது தகும்.

9. முடிவுரை

மின்னணு ஈடு ஒளியிழைத் தொடர்பின் போக்கை மாற்றியது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும் அதன் மூன்று கட்டங்களும் ஒரே வெற்றியின் தொடர்ச்சி அல்ல. நேரடிக் கண்டறிதலில் அது தணிப்பாக நின்றது. ஓரியல் ஏற்பில் நிறப்பிரிகையைப் பொறுத்தவரை மீட்பாக உயர்ந்தது. நேரியல்சாராத் திரிபில் கொள்கையளவில் மீட்பாகவும் நடைமுறையில் தணிப்பாகவும் உள்ளது.

எனவே ஈடு பற்றிய எந்தப் புதிய கூற்றையும், நரம்பணுப் பிணையங்களைக் கொண்டு செய்யப்படும் இன்றைய சமனாக்க முயற்சிகள் உட்பட, மூன்று வினாக்களால் அளக்கலாம். மின்னணுச் சுற்றை அடையும் இடத்தில் அத்திரிபு இன்னும் மீளத்தக்கதாக உள்ளதா? அதை ஈடுசெய்யும் சுமை எங்கு, எவ்வளவு ஆற்றலாக மாறுகிறது? ஈடுசெய்யும் செயல் புதிதாக எதைக் கெடுக்கிறது? பிழை விகிதத்தில் கண்ட முன்னேற்றத்தை மட்டும் கூறும் ஆய்வு முதல் வினாவுக்கே பகுதி விடை தருகிறது. ஒரு பிட்டுக்குச் செலவாகும் ஆற்றலையும் தாமதத்தையும் உடன் கூறும்போதுதான் கூறப்படுவது மீட்பா தணிப்பா என்பதையும், அதன் விலை தகுமா என்பதையும் வாசகர் தாமே மதிப்பிட இயலும்.